கத்திரி நாற்றுக்குக் குடை

"குடை இன்னிக்கும் ஆவல சாமி. நாளைக்கு வாங்க."

ராயப்பேட்டை குடை ரிப்பேர்க் கடை கரீமுல்லா ஒரு வாரமாக இதே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார். குடைக்காரர் சொன்ன நாளில் குடையைக் கொடுத்ததாகச் சரித்திரம் உண்டா?

மயிலாப்பூர் கிச்சாவுக்கு ரத்தம் தலைக்கேறியது.

"ஒரு கம்பி மாத்த ஒரு வாரமா ஓய்? வயித்துவலின்னு ஆபீசுக்கு லீவு சொல்லிட்டு வந்திருக்கேன், இந்தப் பாழாப்போன குடைக்காக! வரச்சே வெயில்ல வதங்கிண்டு வரேன், போறச்சே மழையில நனைஞ்சுண்டு போறேன். ஆடி மாசம் எப்போ என்ன பண்ணும்னு யாருக்குத் தெரியறது?"

"அத்த ஏன் கேக்கறீங்க சாமி. காலைல மண்டைய பொளக்குது. சாயங்காலமானா ஊத்து ஊத்துன்னு ஊத்துது. எனக்கே தூக்கம் போயிடுச்சு."

மழை பெய்தால் குடைக்காரருக்கு ஏன் தூக்கம் போக வேண்டும்? கிச்சா அதைக் கேட்பதற்குள் உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் வந்தது. கரீமுல்லாவின் மனைவி அஸ்மத்துன்னிசா.

"இன்னாங்க! வானம் கருத்துக்கினு வருது. கொல்லையில குடைங்கள இறுக்கிக் கட்டுங்க!"

"குடைங்களா? எந்தக் குடைங்க?" கிச்சா ஒரே தாண்டாகக் கடைக்குள் தாண்டினார்.

"சாமி, சாமி! உள்ள பொம்பளைங்க கீறாங்க!"

அஸ்மத்துன்னிசா முக்காட்டை இழுத்துக்கொண்டு சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்தார். கிச்சா கொல்லையில் போய் நின்றார். நின்றவர் வாயைப் பிளந்தார்.

மூங்கில் குச்சிகளில் வரிசையாகக் குடைகள் விரித்துக் கட்டப்பட்டிருந்தன. எல்லாம் ரிப்பேருக்கு வந்த ஊரார் குடைகள். அவற்றுக்கு அடியில், விரல் உயரத்துக்குக் கத்திரி நாற்றுகள், மாப்பிள்ளை வீட்டார் மாதிரி சுகமாக இருந்தன. நட்டநடுவில் கிச்சாவின் குடை.

"அடப்பாவி! என் குடையிலயா பந்தல் போட்டிருக்கீர்?"

"அது வந்து சாமி... டெஸ்ட் பண்றேன். மழையில வெச்சாத்தானே ஒழுகுதா இல்லியான்னு தெரியும்?"

"ஒரு வாரமாவா ஒழுகறது?"

கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"டெஸ்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் வெக்கச் சொன்னேன். ஆம்பூர்ல எங்க அக்கா குடுத்த முள்ளுக்கத்திரி விதை அது. உங்க மெட்ராஸ் மண்ணுல இதெல்லாம் வராதுடீன்னு சிரிச்சிக்கினே குடுத்தா. மொதல்ல போட்டது மழையில அடிச்சிக்கினு போச்சு. ரெண்டாவது போட்டது வெயில்ல கருகிப்போச்சு. இதோட விதையே தீந்துச்சு. இதுவும் போச்சுன்னா அவ மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

குரல் உடைந்துவிட்டது. அஸ்மத்துன்னிசா நிஜமாகவே அழுதார்.

"ஏம்மா, ஓலைத் தட்டி வெச்சு மூடப்படாதோ?"

"வெச்சோம் சாமி," என்றார் கரீமுல்லா. "காத்து தூக்கிக்கினு போயி பள்ளிவாசல் தெருவுல போட்டுட்ச்சு."

"அதுக்கு என் குடைதானா கிடைச்சது? அடுத்தவா சாமானை அவாளைக் கேக்காம எடுத்து அனுபவிக்கறதுக்குப் பேர் என்ன தெரியுமோ? திருட்டு! பச்சைத் திருட்டு! போலீசுல சொன்னா உள்ளே தள்ளிடுவான்!"

பொட்டென்று முதல் தூறல் விழுந்தது.

"மழை விடற மட்டும் இருக்கட்டும் சாமி. உங்க காலப் புடிக்கறேன்."

"அரை நிமிஷம் கிடையாது!"

கிச்சா கயிற்றை அவிழ்த்துக் குடையைப் பிடுங்கினார். தூறல் புளியங்கொட்டை பருமனுக்கு விழ ஆரம்பித்தது. ஒரு நாற்று தலை சாய்ந்தது. இன்னொன்றும் சாய்ந்தது.

"யா அல்லா!" என்றது கதவு.

அப்போது கடைப்பக்கம் கனைப்புச் சத்தம் கேட்டது. "கரீமுல்லா! ஆள் கீறியா இல்லியா?"

எட்டிப் பார்த்த கிச்சாவுக்கு முகம் வெளிறிவிட்டது. வந்திருந்தவர் அன்வர் பாஷா, அவருடைய ஆபீஸ் ஹெட் கிளார்க்! வயிற்றுவலிக்காரனை இந்தக் கோலத்தில் பார்த்தால்?

அடுத்த நொடி கிச்சா வேறு மனுஷராகிவிட்டார். குடையைப் பழைய இடத்திலேயே விரித்தார். கயிற்றைத் தம் கையாலேயே இறுக்கிக் கட்டினார். சாய்ந்த நாற்றுகளை நிமிர்த்திக்கூட விட்டார்.

"பாவம், வாயில்லாப் பயிர்! இருக்கட்டும் ஓய். எத்தனை நாள் வேணுமோ இருக்கட்டும். இந்தக் கொல்லைக் கதவு எந்தச் சந்துக்குப் போறது?"

பதிலுக்குக்கூட நிற்கவில்லை. மேல்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, கொட்டுகிற மழையில் ஓடியே போய்விட்டார்.

அன்வர் பாஷா அஸ்மத்துன்னிசாவுக்குச் சித்தப்பா முறை. அதனால் நேராகக் கொல்லைக்கே வந்துவிட்டார்.

"யாரு, நம்ம ஆபீஸ் கிச்சா மாதிரி ஓடறது?"

"அவரேதான் சாச்சா!" அஸ்மத்துன்னிசா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "தங்கமான மனுஷர். மொதல்ல கத்தினாரு. அப்புறம் மனசு இளகி, தன் குடைய என் நாத்துக்கு விட்டுட்டு, தான் நனைஞ்சிக்கினு போறாரு. காய்ச்சதும் மொதல் காய் அவர் வீட்டுக்குத்தான்!"

அன்வர் பாஷா குனிந்து நாற்றுகளைப் பார்த்தார். குடையைப் பார்த்தார். அதன் பிடியைத் திருப்பி, அதில் செதுக்கியிருந்த எழுத்தை உற்றுப் பார்த்தார். பிறகு கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டார்.

"மொதல் காய என் வீட்டுக்கு அனுப்பும்மா. போன மாசம் ஆபீஸ்ல காணாமப் போன என் குடை இது."