மாற்றத்துக்குக் காரணம்

அவள் பாதி குடித்து வைத்திருந்த டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தான் கணவன். குடித்துவிட்டு உதட்டைக்கூடத் துடைக்கவில்லை.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நோய் பரவத் தொடங்கிய இந்த மூன்று மாதமாகச் சாவியையும் செருப்பையும் சோப்புப் போட்டுக் கழுவுகிறவன் அவன். அவளுடைய அண்ணன்கள் அவனுக்கு வைத்திருக்கும் பெயரே 'சோப்பு மாப்பிள்ளை'.

"ஐயோ, அது என் எச்சில்ங்க!"

"தெரியும். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்."

நாற்காலியை இழுத்துத் தோளோடு தோள் உரசப் போட்டுக்கொண்டான். நேற்று வரை அந்த இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவே ஒரு லாரியே போகலாம்.

"மத்தியானமே லேப்லேருந்து ஓடி வந்து, அத்தையை நாத்தனார் வீட்டு மாடி ரூம்ல கொண்டுபோய் விட்டீங்களே, அப்பவே சந்தேகப்பட்டேன். ஐயாவுக்கு என்ன திட்டம்?"

அவன் சிரிக்க முயன்றான். அவள் கழுத்தில் தொங்கிய அலுவலக அடையாள அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

"போட்டோல நல்லாத்தான் இருக்கே."

"நேர்ல இல்லையாக்கும்?"

அட்டையைத் திருப்பி, பின்பக்கம் ஒட்டியிருந்த வாராந்திரப் பரிசோதனைச் சீட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினான்.

"சுரண்டாதீங்க. அந்த நம்பர் போச்சுன்னா மேற்பார்வையாளர் என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவார். சரி, நல்ல மனநிலையில இருக்கும்போதே உங்க படிவத்தை முடிச்சுடறேன்."

இந்த நோயின் மேல் மக்களுக்கு எவ்வளவு பயம் என்று வீடு வீடாகப் போய் அளப்பது அவள் வேலை. ஏழு வாசகங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். பதினான்கு நாள் கழித்து அதே ஆளிடம் அதே ஏழையும் மறுபடி கேட்க வேண்டும்.

பதினான்கு நாள் முன்பு, கை பழகுவதற்காக முதல் படிவத்தை அவள் வீட்டிலேயே நிரப்பியிருந்தாள். கணவனுக்கு முப்பத்தைந்துக்கு முப்பத்து நான்கு. அந்த ஒரு மதிப்பெண்ணை ஏன் விட்டுவிட்டார் என்று அலுவலகமே கேட்டுச் சிரித்தது.

"ஒண்ணாவது. 'இந்த நோயை நினைத்தாலே என் கை நடுங்குகிறது.'"

"ஒண்ணு போடு."

"விளையாடாதீங்க. 'பிறர் தொட்ட பொருளைத் தொடப் பயப்படுகிறேன்.'"

காலி டம்ளரைக் காட்டினான். "அதான் பாத்தியே. ஒண்ணு."

"'இரவில் தூக்கம் வருவதில்லை.'"

"இனிமே எங்க வரப்போகுது. ஆனா அது பயத்தால இல்ல. ஒண்ணே போடு."

நாலாவதுக்கும் ஒன்று, ஐந்தாவதுக்கும் ஒன்று. 'எனக்கு இந்த நோய் வந்துவிடும் என்று அஞ்சுகிறேன்' என்ற ஆறாவதுக்கு, அவள் படித்து முடிப்பதற்குள்ளேயே ஒன்று என்றான்.

பேனாவை வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். "லேப்ல ஏதாவது மருந்து கண்டுபிடிச்சுட்டாங்களா?"

"மருந்தாவது, மண்ணாவது. வார்டுக்குப் போனவங்கள்ல திரும்பி வந்தவங்களை ஒரு கை விரல்ல எண்ணிடலாம்."

வருகிற சாம்பிள்களைச் சோதித்து, எந்த நம்பருக்கு நோய் உண்டு, எதற்கு இல்லை என்று எழுதுவது அவன் வேலை. பெயர் இருக்காது, வெறும் நம்பர்தான். எத்தனை பேருக்கு உண்டு என்று தினமும் வந்து சொல்லிப் புலம்புவான். இன்று அதையும் காணோம்.

"இன்னைக்கு எத்தனை?"

"அறுபது பாத்தேன். ஒண்ணுக்குத்தான் இருக்கு."

"அறுபதுல ஒண்ணே ஒண்ணா!" அவள் கையைத் தட்டினாள். "போன வாரம் தினமும் இருபதுன்னீங்களே! அதான் ஐயாவுக்குப் பயம் விட்டுப்போச்சா? பாவம், அந்த ஒண்ணு யார் பெத்த பிள்ளையோ."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே, எதிர்வீட்டுக் கதவில் சீல் வைத்த காகிதம் காற்றில் படபடத்தது.

"கடைசி கேள்வி. 'என் குடும்பத்தில் ஒருவரை இழந்துவிடுவேனோ என்று அஞ்சுகிறேன்.'"

ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னான்.

"அதுக்கு அஞ்சு போடு."

"எதுக்கு அஞ்சு? அத்தைதான் அங்க பத்திரமா இருக்காங்களே."

"ஆறு இருந்தா ஆறு போடு."

"ஆறெல்லாம் கிடையாது. மொத்தம் பதினொண்ணு." அவள் உதட்டைப் பிதுக்கினாள். "முப்பத்து நாலு எங்கே, பதினொண்ணு எங்கே? யார் நம்புவாங்க? பத்துக்கு மேல வித்தியாசம் வந்தா காரணம் எழுதணும்ங்க. கீழ கட்டம் இருக்கு பாருங்க. 'மாற்றத்துக்குக் காரணம்.'"

"எழுதித்தான் ஆகணுமா?"

"வெறுமனே விட்டா படிவத்தையே தள்ளிடுவாங்க. என்னன்னு எழுத? பொண்டாட்டி மேல திடீர்ப் பாசம்னு எழுதட்டுமா?"

அவள் தோளைச் சுற்றிக் கையைப் போட்டு இறுக அணைத்துக்கொண்டான். மூன்று மாதத்துக்குப் பிறகு அவன் சட்டை வாசனை அவளுக்கு அத்தனை கிட்டே வந்தது. "ஜன்னல் திறந்திருக்குங்க" என்றாள், விலகாமலேயே.

அவன் மறு கை மறுபடியும் அடையாள அட்டையைத் தேடி எடுத்தது. பின்பக்கம் திருப்பி, அந்தச் சீட்டிலிருந்த நம்பரின் மேல் விரலை வைத்தான்.

"அந்த ஒண்ணு இதுதாம்மா."