மார்க்கெட்டில் வாங்கியது

“மார்க்கெட்ல வாங்கினாளாமே, மார்க்கெட்ல!”

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெருவே அவளை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடும். நானூறு வாத்து வளர்க்கிறாள். வாயும் நானூறு வாத்துக்குச் சமம்.

“ஆமா, டெய்லர் பொண்ணு கால்நடை டாக்டர்கிட்ட அப்படித்தான் சொல்றா. உன் பேரையே எடுக்கலை,” என்று கணவர் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினார்.

“தைக்கத் துணி வரலைன்னு போன மாசம் கண்ணைக் கசக்கிட்டு வந்து நின்னா. பாவம்னு, முட்டை போடுற பழுப்பு வாத்து பத்து என் கையால பிடிச்சு இனாமாக் குடுத்தேன். நன்றி கெட்டவ!”

“விடு. அவளோட வெள்ளை வாத்து முப்பதும் நாலே நாள்ல செத்துப்போச்சு. நொந்து போயிருக்கா.”

“செத்தது அவ வாத்து. நான் குடுத்த பத்தும் கல்லு மாதிரி நிக்குதில்ல? அதைச் சொல்ல வாய் வரலையே!”

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

டெய்லர் வீட்டுப் பின்பக்கம் முழுக்கச் சுண்ணாம்புத் தூள். வலைக்குள் பழுப்பு வாத்துகள் பத்தும் ஜோராகக் கத்திக்கொண்டிருந்தன. முகக்கவசம் போட்ட டாக்டர் நோட்டும் கையுமாக நின்றார்.

“கடைசியாக் கேக்கறேன்மா. இந்தப் பத்தும் எங்கேருந்து வந்துச்சு?”

“மார்க்கெட்ல வாங்கினேன் சார். யார்கிட்டன்னு ஞாபகம் இல்லை.”

சொல்லிவிட்டுத் திரும்பிய டெய்லர், அக்காவைப் பார்த்துப் பதறினாள். “அக்கா, நீங்க வீட்டுக்குப் போங்க. நானே அப்புறம் வர்றேன்.”

அவ்வளவுதான். அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது.

“துரத்துறியா? என் எதிர்லயே பொய்யா? சார், எழுதிக்கோங்க. இது பத்தும் என் வாத்து. என் கொட்டகையில பொரிச்சு வளந்தது. அடையாளத்துக்குக் கால்ல நீல வளையம் மாட்டியிருந்தேன், அதைக்கூடக் கழட்டிட்டா பாருங்க! இவளுக்கு இனாமாக் குடுத்தது நான்!”

டெய்லர் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் எழுதினார். “உங்ககிட்ட மொத்தம் எத்தனைம்மா?”

“நானூறு. ஒண்ணுக்கும் ஒரு நோய் வந்ததில்லை!”

“வந்தாலும் வெளியே தெரியாதும்மா. லேப்ல பாத்துட்டோம். இந்த வைரஸோட மரபணு கொஞ்சம் மாறியிருக்கு. பழுப்பு வாத்து உடம்புல சத்தமில்லாம இருக்கும். அதுவே வெள்ளை வாத்துக்குப் பரவினா நாலு நாள்ல உயிரை எடுத்துடும். எந்தக் கொட்டகையிலேருந்து வந்துச்சோ, அங்க இருக்கிற மொத்தத்தையும் அழிக்கணும்னு உத்தரவு. அதுக்குத்தான் மூணு நாளா இந்தம்மாவைக் கேட்டுட்டிருக்கேன்.”



டெய்லர் மெல்ல நிமிர்ந்து பார்த்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

“மூணு நாளா பொய் சொல்லிச் சமாளிச்சுட்டிருந்தேனே... ஏன்க்கா நீங்களே வந்து சொன்னீங்க?”