மேலிருந்து தெரியும் பச்சை

“அதை ஊத்தாத ரெவி. பசின்னு நினைச்சு இன்னும் தீனி போட்டா செத்தே போயிடும்” என்றாள் ராய்ஹா.

ரெவி உரப் புட்டியைக் கீழே வைத்தான். கொட்டகைக்குப் பின்னால் மூன்று கறுப்புத் தொட்டிகளில் கஞ்சாச் செடிகள் இடுப்புயரம் வளர்ந்து நின்றன. கீழ் இலைகள் மஞ்சளாகியிருந்தன. நுனிகள் தீயில் காட்டியதுபோல் கருகியிருந்தன.

“மஞ்சளாயிருக்கே ஆன்ட்டி. சத்து இல்லாமத்தானே?”

“எந்தச் சத்துன்னு பாரு.” ஓர் இலையைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்தாள். “நரம்பு பச்சையா இருக்கு, நடுவுல மட்டும் வெளுத்திருக்கு. மெக்னீசியம் இல்ல. நம்ம தண்ணி கூரையிலேர்ந்து பிடிக்கிற மழைத்தண்ணி, அதுல ஒண்ணும் கிடையாது. நான் வேற புத்திகெட்டு மீன் உரத்தை ஊத்தி ஊத்தி நுனியைப் பொசுக்கிட்டேன்.”

“பிழைக்குமா?”

ராய்ஹா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் கேட்டது செடியைப் பற்றி மட்டுமல்ல என்று அவளுக்குத் தெரியும்.

அவன் மகள் டியாவுக்கு வலிப்பு. எந்த மருந்துக்கும் அடங்காத வலிப்பு, இந்தச் செடியிலிருந்து ராய்ஹா காய்ச்சித் தரும் எண்ணெயில் கொஞ்சம் அடங்கியிருந்தது. போன அறுவடையின் எண்ணெய் புட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. நியூசிலாந்தில் வீட்டில் ஒரு செடி வளர்த்தாலும் குற்றம். ஹோக்கியாங்கா பக்கம் நோயாளிகள் பலரும் ராய்ஹாவை நம்பித்தான் இருந்தார்கள்.

சாலையில் ஏதோ வண்டி இரைந்தது. ரெவி சட்டென்று கொட்டகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

“பால் லாரிப்பா” என்றாள் ராய்ஹா. “காரை சர்ச்சுகிட்ட விட்டுட்டு நடந்து வர்ற, தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுக்கற. உன்னைப் பார்த்தாதான் ஊருக்கே சந்தேகம் வரும். மாட்டினா நான்தானே கோர்ட்டுக்குப் போகப்போறேன்?”

“எனக்கு அதோட போகாது ஆன்ட்டி.”

இருவருமாகத் தொட்டிகளில் தண்ணீரை ஊற்றி, அடித் துளைகள் வழியே பழைய உரத்தைக் கழுவி விட்டார்கள். பிறகு ஒரு வாளித் தண்ணீரில் மெக்னீசியம் உள்ள எப்சம் உப்பைக் கொஞ்சம் கரைத்து நிதானமாக ஊற்றினாள் ராய்ஹா.

“மஞ்சளான இலை இனி திரும்பாது. புதுசா வர்றதைப் பாரு. அது பச்சையா வந்தா ஜெயிச்சுட்டோம்.”

அடுத்த தடவை ரெவி வந்தபோது செடிகள் தோளுக்கு வளர்ந்திருந்தன. இலைகள் தடித்து, கரும்பச்சையாகப் பளபளத்தன. அவன் முகம் மலர்ந்தது. மறுநிமிஷமே வாடியது.

“என்னடா, குணமாக்கிக் காட்டியிருக்கேன். இழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி நிக்கற?”

“வெளுத்துக் கிடந்தப்போ புல்லோட புல்லா இருந்துச்சு. இந்தப் பச்சை அப்படி இல்ல ஆன்ட்டி. புதருக்கு நடுவுல விளக்கு ஏத்தி வெச்ச மாதிரி இருக்கும், மேலேர்ந்து பார்த்தா.” அவன் வானத்தை அண்ணாந்து பார்த்தான். “கஞ்சாத் தோட்டம் தேடி போலீஸ் ஹெலிகாப்டர் பறக்கிற மாசம் இது. எந்தப் பக்கம் வரும்னு கிளம்பற வரைக்கும் யாருக்கும் தெரியாது. உள்ள இழுத்து வெச்சிடுங்களேன்.”

“வெயில் படாம மொட்டு எப்படிப் பிடிக்கும்? சத்தம் கேட்டா இழுத்துக்கறேன். தொட்டியில வெச்சதே அதுக்குத்தான்.”

போகும்போது மாவோரி வழக்கப்படி அவள் நெற்றியோடு நெற்றியும் மூக்கோடு மூக்கும் ஒட்டி விடைபெற்றான். அவன் நெற்றி ஐஸாகச் சில்லிட்டிருந்தது.

ஹெலிகாப்டர் வந்த காலையில் ராய்ஹா ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தாள். முதலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள்.

முதல் தொட்டியைக் கொட்டகைக்குள் இழுத்துவிட்டாள். இரண்டாவதையும் இழுத்துவிட்டாள். மூன்றாவது அசையவில்லை. நன்றாகத் தேறிய செடி, அடித் துளைகள் வழியே வேரை இறக்கித் தரையைப் பிடித்திருந்தது. தோள்பட்டை கழன்றுவிடும்போல இழுத்தாள். சத்தம் குன்றைத் தாண்டி நேராக அவள் வீட்டுப் பக்கமே வந்தது.

கொடியில் கிடந்த படுக்கை விரிப்பைப் பிடுங்கிச் செடிமேல் போட்டாள். மேலிருந்து அடித்த காற்று அதைத் தூக்கி வேலிக்கு அப்பால் எறிந்தது. தலைக்கு மேலேயே வட்டமடித்தது ஹெலிகாப்டர். புல்லெல்லாம் படுத்துக்கொண்டது.

ராய்ஹாவுக்குக் கோர்ட் நினைவுக்கு வரவில்லை. தரையில் விழுந்து துடிக்கும் அந்தச் சின்ன உடம்புதான் வந்தது. செடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

மேலே, ஹெலிகாப்டரைச் சாய்த்துத் திருப்பியபடியே விமானி கேட்டார்.

“அந்தம்மா எதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்குது?”

கதவோரம் சீருடையில் உட்கார்ந்திருந்த போலீஸ்காரன் தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

“தக்காளிச் செடி. அடுத்த பள்ளத்தாக்குக்குப் போங்க” என்றான் ரெவி.