கிளிப்பை எடுத்த பிறகும்

அத்தான் இறந்த பிறகு அவருடைய கம்ப்யூட்டர் உயிர்பெறவே இல்லை.

"அவரோட போட்டோ எல்லாம் இதுக்குள்ளதான்டா இருக்கு. எப்படியாவது ஆன் பண்ணிக் குடு" என்றாள் அக்கா.

கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியான பவர் சப்ளையைக் கழற்றி மேசையில் வைத்தேன். பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஜெம் கிளிப்பால் இணைத்தால், பழுதில்லாத சப்ளையின் ஃபேன் சுற்றும். சுற்றியது.

"இது நல்லாத்தான் இருக்குக்கா" என்று கிளிப்பை எடுத்தேன். ஃபேன் நிற்கவில்லை. சரி, பிளக்கைப் பிடுங்கலாம் என்று திரும்பினேன். பவர் கார்டு என் பைக்குள் சுருட்டியபடியே கிடந்தது. நான் அதை மாட்டவே மறந்திருந்தேன். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்வாங்கினேன்.

துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா தலையை நிமிர்த்தவில்லை.

"போதும், விடுங்க. தம்பி பயப்படுறான்."

ஃபேன் மெல்ல வேகம் குறைந்து நின்றது.