பாதி டம்ளர்

இன்றைக்கும் மாமனார் அதையேதான் செய்தார்.

சண்முகவடிவு கொண்டுவந்து வைத்த ஸ்மூத்தியில் பாதியை, முதல் காரியமாக வேறொரு டம்ளரில் ஊற்றித் தள்ளி வைத்தார். மீதியை மட்டும் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினார்.

"ஏன் மாமா, நல்லா இல்லையா?"

அவரால் பேச முடியாது. லஸ் முனையில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தாடை எலும்பு முறிந்ததில், மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பி கட்டியிருந்தார்கள். ஆறு வாரத்துக்கு எல்லாமே ஸ்ட்ரா வழியாகத்தான்.

போனில் தட்டிக் காட்டினார். 'ரொம்ப நல்லா இருக்கு. வயிறு நிறைஞ்சிடுச்சு.'

வடிவுக்குச் சுருக்கென்றது. விடியற்காலையில் எழுந்து, மல்கோவாவும் வாழைப்பழமும் நறுக்கி, ஊறவைத்த முந்திரியோடு கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றி மிக்ஸியில் அடித்து, கம்பியில் நார் சிக்கக் கூடாதே என்று இரண்டு தரம் வடிகட்டிக் கொண்டுவந்தால், வாய் வைப்பதற்கு முன்பே வயிறு நிறைந்துவிட்டதாம்.

கீழே கொட்ட மனசு வரவில்லை. ஒதுக்கி வைத்ததை நின்றபடியே மடமடவென்று குடித்துவிட்டு, கைப்பையை மாட்டிக்கொண்டு ஸ்கூலுக்கு ஓடினாள். லேட்டாகப் போனால் டீச்சர் என்றும் பார்க்காமல் ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டிலேயே நிற்க வைப்பாள்.

இத்தோடு போயிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அன்றைக்குக் கொட்டிவாக்கத்திலிருந்து ஓரகத்தி கயல் பிளாஸ்க்கில் ஸ்மூத்தி கொண்டுவருவாள். வெறும் பப்பாளியும் அன்னாசியும். அதை மாமனார் கடைசிச் சொட்டுவரை கொர்ரென்று சத்தம் வர உறிஞ்சிவிட்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார்.

"அதுல என்னதான் போடறே கயல்?" சும்மா கேட்பதுபோல் கேட்டாள் வடிவு.

"ஒண்ணும் இல்லக்கா. கொஞ்சம் வெனிலா ஐஸ்கிரீம், அவ்வளவுதான்."

மறுநாள் வடிவும் இரண்டு கரண்டி ஐஸ்கிரீம் போட்டு அடித்தாள். அதிலும் பாதி ஒதுங்கியது.

"பன்னிரண்டு வருஷமா நம்மகூட இருக்கார். வாரத்துல ஒரு நாள் வர்றவ குடுக்கறதுதான் ருசிக்குது" என்று கணவன் பாலுவிடம் பொருமினாள்.

"அரை டம்ளருக்கா வடிவு இவ்வளவு?"

"உங்களுக்கு அது அரை டம்ளர். எனக்கு அப்படி இல்லைங்க."

புதன்கிழமை அரை நாள் லீவ் போட்டுவிட்டு அவரைச் செக்கப்புக்கு அழைத்துப் போனாள். கயலும் வந்திருந்தாள். எடை பார்த்த டாக்டர் நெற்றியைச் சுருக்கினார்.

"நாலு கிலோ குறைஞ்சிருக்காரே. வீட்டுல சரியா குடுக்கறது இல்லையா?"

வடிவு வாயைத் திறப்பதற்குள் கயல் வெகுளியாகச் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை நான் கொண்டுவர்றதை நல்லாத்தான் குடிக்கிறார் டாக்டர்."

வடிவால் அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் மாமனாரின் வேட்டி, சட்டை, மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் அடுக்க ஆரம்பித்தாள்.

"கம்பி பிரிக்கிற வரைக்கும் மாமா கயல் வீட்டுலயே இருக்கட்டும்" என்றாள் பாலுவிடம். "அவ கையால குடிச்சாவது தேறட்டும். நாளைக்கு யாரும் என்னைக் கேள்வி கேக்க வேண்டாம்."

மாமனார் கட்டிலில் உட்கார்ந்தபடி வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் சாயங்காலம் கயல் காரோடு வந்தாள்.

"எல்லாம் எடுத்து வச்சாச்சு. கூட்டிட்டுப் போ" என்று வடிவு பையை நீட்டினாள்.

கயல் அதை வாங்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, வடிவின் கையைப் பிடித்து சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"வர்ற வழியில மாமா மெசேஜ் அனுப்பினார்க்கா. உங்ககிட்ட காட்டக் கூடாதுன்னும் போட்டிருக்கார். என்னால முடியலை, நீங்களே படிங்க."

வடிவு போனை வாங்கிப் படித்தாள்.

'என்னைக் கூட்டிட்டுப் போக வராதேம்மா. லீவு நாள் தவிர வடிவு காலையில ஒரு வாய் சாப்பிடறது இல்லை, சொன்னாலும் கேக்கறது இல்லை. போன வருஷம் ஸ்கூல்லயே மயங்கி விழுந்துட்டா. நான் பாதியை எடுத்து வச்சாத்தான், வீணாப் போகுதேன்னு என்னைத் திட்டிக்கிட்டாவது அவ குடிக்கிறா.'