காருக்கடியில் ஈரம்

"ஒங்க காரு ஆயிலு எங்க ஏலக்கா மூட்டைக்குத்தான் ஓடி வருது. ஆயில் வாடை ஏறிட்டா எந்த யாவாரி வாங்குவான்?" தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள் சுகன்யா.

பக்கத்து வீட்டு வீரணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "யாரு காருல ஆயில் ஒழுகுது? இது புது வண்டி!"

"பின்ன அடியில சொட்டுறது என்ன, பன்னீரா?"

அவர் குனிந்து ஒரு சொட்டை விரலில் பிடித்தார். "மோந்து பாரு. வாடை இருக்கா? பிசுக்கு இருக்கா? வெறும் ஏசித் தண்ணி."

"நிக்கிற வண்டியில ஏது ஏசித் தண்ணி?"

"ஏசி போட்டு ஓட்டிட்டு வந்து நிறுத்துனா கொஞ்ச நேரம் இப்படித்தான் சொட்டும். தெரியாட்டிப் பேசாத!"

"எல்லாரும் கேட்டுக்கங்க." சுகன்யாவின் குரல் இறங்கியது. "போடிமெட்டுத் தோட்டத்துல எம் புருசன் கால் ஒடிஞ்சு கெடக்குறாரு, காரு குடுங்கண்ணேன்னு காலையில இவரு வாசல்ல நின்னு அழுதேன். நாலு நாளா வண்டி ஸ்டார்ட்டே ஆகலன்னாரு."

வீரணன் ஈர விரலை வேட்டியில் துடைத்தார்.

அவளையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக, லோடு ஜீப்பு தெருமுனையில் வந்து நின்றது. மூட்டைகளுக்கு நடுவே அவள் கணவன் முனகிக்கொண்டு கிடந்தான்.