மாணவி கையால் தொடக்கம்

மந்திரி வருவதால் சூப்பர் கம்ப்யூட்டரில் ஆய்வு நிலைய இயக்குநரின் புரோகிராம்தான் முதலில் ஓட வேண்டுமாம். திரையில் 'வணக்கம்' காட்டுவதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. வரிசையில் காத்திருக்கும் வேலைகளையெல்லாம் அழிக்கும் கட்டளையை ஆபரேட்டர் பீட்டர் அடித்து வைத்தார்; என்டர் தட்டுவதுதான் பாக்கி. மங்கையர்க்கரசியின் ஆய்வுக் கணக்கும் அதில் போகும். இந்த வாரம் அது ஓடாவிட்டால் அவளுடைய பிஎச்.டி. பதிவே ரத்து.

"அண்ணா, என்னோடத மட்டும் விட்டுடுங்களேன்."

"டைரக்டர் பின்னாடியே நிக்கிறாரும்மா."

மந்திரி வந்து நின்றதும் இயக்குநருக்குத் திடீரென்று பெண்கல்வி ஞாபகம் வந்தது. "என்டரை நம்ம மாணவியே தட்டட்டும் சார்," என்றார் மந்திரியிடம். மந்திரி மனம் குளிர்ந்து கைதட்டினார். கூட்டமும் தட்டியது. மங்கையர்க்கரசி பொத்தான்மேல் விரலை வைத்தாள்.

"கொஞ்சம் சிரிச்சாப்ல இருங்கம்மா," என்றார் போட்டோக்காரர்.